ஏழாவது லைன்

ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசுவது என் வேலையாக இருந்தது. பதினெட்டு வருஷம் பேசினேன். கேட்டவர்களின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

நகராட்சிப் பூங்காவின் மேற்கு மூலையில் ஓடு வேய்ந்த ஓர் அறை. மேஜை மேல் ரேடியோப் பெட்டி. பக்கத்தில் ஆள் உயர இரும்புச் சட்டத்தில் ஆம்ப்ளிஃபயர். அதன் வால்வுகள் சூடேறிவிட்டால் சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் பனியனோடு உட்கார்ந்தாலும் பனியனைப் பிழியலாம். ஒரு மைக், ஒரு டெலிபோன். சுவரில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாக ஒன்பது சுவிட்சுகள், நடுவே முள் வைத்த ஒரு வட்டமான மீட்டர். பலகையிலிருந்து ஒன்பது ஜோடிக் கம்பிகள் கம்பம் கம்பமாகத் தாவி ஊரின் ஒன்பது மூலைக்குப் போகும். ஒவ்வொரு கம்பியின் முடிவிலும் ஊமத்தம்பூ மாதிரி வாயைப் பிளந்துகொண்டு ஒரு ஒலிபெருக்கி. அதை ஊரில் எல்லோரும் ரேடியோக் குழாய் என்பார்கள், இல்லாவிட்டால் வெறுமனே குழாய்.

வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலம் அது. அறுபதுகளின் நடுப்பகுதி. செய்தி என்றால் எங்கள் குழாயில் வருவதுதான் செய்தி. பனியன் கம்பெனிகளில் மாலைச் செய்தி நேரத்துக்கு ஜன்னல்களைத் திறந்து வைப்பார்கள். தலைவர்கள் செத்தது, சண்டை மூண்டது, ரேஷன் வந்தது, குடிநீர் நின்றது எல்லாம் என் அறை வழியாகத்தான் ஊருக்குள் போயின. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தேர்த்திருவிழா வந்தால் அந்தத் தலைக்கனம் இன்னும் ஒரு சாண் ஏறும். கோயில் முன்னால் ஒரு மைக் வைத்து, அங்கிருந்து தனியாக ஒரு கம்பி இழுத்து என் அறைக்குக் கொண்டுவருவோம். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் தேர் பக்கத்தில் நின்றுகொண்டு வர்ணிப்பார். அவர் குரல் என்னிடம் வந்து, நான் ஏற்றி இறக்கி, நாதசுரத்தை அடியில் கலந்துவிட்டு, ஒன்பது குழாய்க்கும் அனுப்புவேன். மங்கலம் ரோட்டில் தறி ஓட்டிக்கொண்டிருப்பவன்கூடத் தேர் முனை திரும்புவதை அந்த நிமிஷமே தெரிந்துகொள்வான். கேட்டவர்கள் எல்லோரும் நான் தேரைப் பக்கத்தில் நின்று பார்த்ததாக நினைத்துக்கொண்டார்கள். அத்தனை வருஷத்தில் தேர் நகர்வதை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் முள்ளைத்தான்.

முள்ளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. ஒரு குமிழைத் திருகி ஒன்றாம் லைனுக்கு வைத்தால், அந்த லைனில் குழாய் சரியாக இணைந்திருக்கிறதா என்று முள் சொல்லும். சிவப்புக் கோடு வரை ஏறினால் சரி. கம்பி அறுந்திருந்தாலோ யாராவது குழாயைக் கழற்றியிருந்தாலோ முள் படுத்துவிடும். தினமும் மாலை ஐந்தரைக்கு மைக்கைப் போட்டு, "சோதனை, சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக்கொண்டே ஒன்பது லைனையும் திருகிப் பார்ப்பேன். பதிவேட்டில் ஒன்று முதல் ஒன்பது வரை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். திடீர் திடீரென்று ஓவர்சியர் வந்து அவரும் திருகிப் பார்ப்பார். ஒரு குழாய் ஊமையாக இருந்தால் அந்த வார்டு கவுன்சிலர் நகராட்சிக் கமிஷனர் அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் எந்தக் குழாயையும் நிறுத்தக்கூடாது என்பது கமிஷனர் போட்ட சட்டம்.

ஏழாவது லைன் சாயப்பட்டறைச் சந்துக்குப் போனது. நொய்யல் கரையை ஒட்டி, தரை மட்டத்தைவிடத் தாழ்வாக, இருபது இருபத்தைந்து வீடுகள். பட்டறையில் நூலையும் துணியையும் சாயத்தில் முக்குகிறவர்களும் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்களும் குடியிருந்தார்கள். என் அக்காவும் அங்கேதான் இருந்தாள். மச்சான் பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா ஊரின் மறுகோடியில் ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டப் போவாள். தைத்து வருகிற பனியனில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரிக்கிற வேலை. அவர்களுக்கு ஒரே பெண், ஏழு வயது.

குழாய்க் கம்பம் அக்கா வீட்டு வாசலிலிருந்து பத்தடிதான். சாயங்காலம் நான் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றவுடன் அந்தக் குழந்தை கம்பத்துக்குக் கீழே நின்று, "நாலு மாமா" என்று கத்துமாம். நான் எண்ணத் தெரியாமல் மூன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று அதற்கு வருத்தம். எனக்கு இது அக்கா சொல்லித்தான் தெரியும். கம்பி ஒருவழிப் பாதை, அங்கே யார் என்ன பதில் சொன்னாலும் என் அறைக்கு வராது. தெரிந்த பிறகு தினமும் மூன்று என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் இடைவெளி விடுவேன், அவள் சொல்லி முடிக்கட்டும் என்று. வேலையில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த ஒரு மூச்சுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு வைகாசியில் மச்சான் பூங்காவுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. முள்வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைத் தட்டினார். நான் எழுந்து போனபோது கையைக் காட்டித் தடுத்தார். இடுப்பில் ஒரு கொத்து வேப்பிலை சொருகியிருந்தது.

"அங்கெயே நில்லுங்க, மாப்ளே. பாப்பாவுக்கு ஆத்தா வந்திருக்கறா. ஒடம்பெல்லாம் போட்டிருக்குது."

அம்மை என்று வாயால் சொல்லமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்றால், வீட்டில் தாளிக்கக்கூடாது, இடிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது, சத்தம் போட்டுப் பேசக்கூடாது. அந்த வீட்டிலிருந்து யாரும் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது, யாரும் அங்கே வரவும் கூடாது. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பி வைக்கும்வரை வீடு அடங்கிக் கிடக்க வேண்டும்.

"அந்தக் கொழா கத்தறப்பவெல்லாம் புள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுதுங்க. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் அதைக் கம்முனு வெக்க முடியுமான்னு உங்கக்கா கேக்கச் சொன்னா."

"கமிஷனர் உடமாட்டாருங்க, மச்சான்."

"தெரியுமுங்க. அதான் ஆபீசுக்குப் போகாம உங்ககிட்ட வந்தேன்."

எனக்கு அக்காதான் எல்லாம். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. அதனால் சரி என்றேன்.

"மூணாந் தண்ணி ஊத்துனதும் சொல்லி உடுங்க. வந்து மாட்டிப் போடறேன்."

"சொல்லாம இருப்பனுங்களா."

அன்று மத்தியானமே சைக்கிளில் போனேன். குழாயை வெறுமனே கழற்றினால் முள் படுத்துவிடும், ஓவர்சியர் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு நான் ஒரு வழி யோசித்திருந்தேன். பழைய ஹீட்டரின் சுருள்கம்பியான காயிலில் அளவாக ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போனேன். கம்பத்தில் ஏறி, குழாய்க்குப் போகும் இரண்டு கம்பியையும் கழற்றி, அவற்றுக்கு நடுவே அந்தக் காயிலை மாட்டினேன். குழாய் வாங்க வேண்டிய கரண்டைக் காயில் வாங்கிக்கொள்ளும். சத்தம் வராது. அறையில் முள் மட்டும் அப்பழுக்கில்லாமல் சிவப்புக் கோட்டுக்கு ஏறும்.

எனக்கு அதுவரை அம்மை போட்டதில்லை. பயம். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஏறினேன், கட்டியபடியே இறங்கினேன். அக்கா வாசல் வேப்பிலைக் கொத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தேன். அறைக்கு வந்து குமிழைத் திருகினேன். முள் கோட்டில் போய் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் போனது. ஆள் வரவில்லை. அக்கா வீட்டில் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்டுவிட்டது, அது தேறும் முன் எதிர்வீட்டில். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. சந்து முழுக்க ஆத்தா இருக்கும்போது ஊருக்குள் ஆள் அனுப்புவது முறையில்லை என்று அவர்கள் இருந்தார்கள். சொல்லாமல் அம்மைத் தெருவுக்குப் போவது முறையில்லை என்று நான் இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு, தம்பிக்குத் தெரியாதா, அவன் வேலை, அவனே வந்து மாட்டுவான் என்று அக்கா நினைத்திருக்கிறாள். அவள் சொல்லி அனுப்புவாள் என்று நான் நினைத்தேன். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவதற்குக் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும் வழக்கமும் அம்மையோடு விட்டுப்போயிருந்தது. தினமும் ஐந்தரைக்கு ஏழாவது லைனைத் திருகினேன், முள் ஏறியது, சரி என்று எழுதினேன். ஓவர்சியரை ஏமாற்றச் செய்தது என்னையும் சேர்த்து ஏமாற்றியது. மூன்று என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு இடைவெளியும் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். அங்கே குழந்தைக்கு எதுவும் கேட்கவில்லை என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடி என்றால் காற்றும் புழுதியும்தான். மழை மேற்கே மலையில் பெய்யும். இங்கே ஒரு துளி விழாமல் நொய்யலில் மட்டும் வெள்ளம் வரும். அதுவும் எல்லா வருஷமும் வராது, வந்தாலும் கணுக்கால் அளவு வந்து சாயத்தை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் யாரும் ஆற்றைச் சட்டை செய்வதில்லை.

அன்று சாயங்காலம் நான்கு மணி தாண்டியிருக்கும். கமிஷனரே டெலிபோனில் கூப்பிட்டார். மங்கலத்திலிருந்து தகவல் வந்ததாம். அங்கே தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேல் ஆள் உயரம் போகிறது, மரங்கள் மிதந்து வருகின்றன, ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடும்.

"எழுதிக்குங்க. நிறுத்தச் சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருங்க. லைனெல்லாம் சரியா இருக்குதுங்களா?"

குமிழைத் திருகினேன். ஒன்று முதல் ஒன்பது வரை முள் ஏறியது.

"ஒம்பதும் சரியா இருக்குதுங்க."

"எடத்தை உட்டு நகராதீங்க."

மைக்கைப் போட்டேன். "நகராட்சி அறிவிப்பு. நொய்யலில் பெருவெள்ளம் வருகிறது. ஆற்றோரம் குடியிருப்பவர்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு உடனே மேட்டுக்குச் செல்லவும்." ஒவ்வொரு சொல்லாக, அழுத்தமாகச் சொன்னேன். குரல் நன்றாக வந்தது. வேலை பயனுள்ள வேலைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தோன்றியது. அதை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, பேசிக்கொண்டே இடது கையால் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். குழாய் மாட்டிய லைனில் பேசும்போது முள் கொஞ்சம் தத்தளிக்கும். சில எழுத்துக்கு எகிறும், சில எழுத்துக்குப் பதுங்கும். எட்டு லைனிலும் அப்படித்தான் இருந்தது. ஏழில் மட்டும் சமர்த்தாக, சொன்னபடி கேட்டு, ஏறி இறங்கியது. இது ஏன் இப்படி என்று யோசித்தபோதே கை நின்றுவிட்டது. நான் வெட்டி எடுத்த காயில் துண்டு கண் முன்னால் வந்தது.

மைக் என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுவிட்சும் போட்டபடி இருந்தது. எட்டுக் குழாய்கள் நான் சொல்வதற்காகக் காத்திருந்தன. சாயப்பட்டறைச் சந்தில் குழாய் வேலை செய்யவில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது ஓடிப்போய்ச் சொல்லுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சந்துக்கு இரண்டு தெரு தள்ளி ஆறாவது குழாய். கேட்ட எவனும் மூன்று நிமிஷத்தில் ஓடியிருப்பான்.

நான் அதைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு எத்தனையோ வருஷமாகப் பதில் தேடி அலுத்துவிட்டேன். பதில் எனக்கு அன்றே தெரியும். சொன்னால் கமிஷனர் கேட்பார். முள் சரியாக இருக்கிறது என்றாயே என்பார். காயில் வெளியே வரும், பதிவேட்டில் நான் போட்ட இரண்டு மாசக் கையெழுத்து வெளியே வரும், வேலை போகும். ஊருக்கு முன்னால் என் குரலாலேயே என்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. ஆறாவது குழாய்ச் சத்தம் அங்கே கேட்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆடிக் காற்று எதிர்த்திசைக்கு அடித்துக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சந்துக்கும் ஒரு குழாய் இருக்கிறதே, அவர்களுக்குத் தனியாக யார் போய்ச் சொல்வார்கள்?

அறிவிப்பை இன்னும் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு டெலிபோனை எடுத்தேன்.

"ஒரு லைன் சந்தேகமா இருக்குதுங்க. போய்ப் பார்த்துட்டு வரட்டுங்களா?"

"ஏனுங்க, ஒம்பதும் சரின்னு இப்பத்தானே சொன்னீங்க. நகராதீங்க, சொல்லிக்கிட்டே இருங்க."

மறுபடி ஒரு தடவை வாசித்தேன். மைக்கை அணைத்தேன். மேஜையில் கிடந்த கம்பி கழற்றும் கொறட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அப்போதும் பாருங்கள், யாருக்கும் தெரியாமல் காயிலைக் கழற்றிவிடலாம் என்றுதான் கொறட்டை எடுத்திருக்கிறேன்.

நான் போனபோது சந்தின் முனையிலேயே தண்ணீர் நின்றது. ஆறு முன்பக்கமாக வரவில்லை. பின்னால் இருந்த பள்ளத்தில் ஏறி, வீடுகளின் முதுகுப் பக்கமாக நுழைந்திருந்தது. பட்டறையில் இருந்த ஆண்கள் தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்து மேலே ஏறிவிட்டார்கள். அவர்கள் சந்துக்கு ஓடி வருவதற்குள் கழுத்தளவு ஆகிவிட்டது. வீட்டில் இருந்தவர்களைக் கூரை மேலிருந்து கயிறு போட்டு இழுத்தார்கள். எழுந்து நடக்க முடியாத ஒரு பெரியவரும் எங்கள் குழந்தையும் கிடைக்கவில்லை. அம்மையில் மெலிந்துபோனவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் படுக்க வைத்துவிட்டு அக்கா வேலைக்குப் போயிருந்தாள்.

அக்கா எனக்கு முன்பே வந்திருந்தாள். இடுப்பு வரை நனைந்து, இரண்டு ஆண்கள் பிடித்திருக்க, திமிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திமிறுவதை நிறுத்தினாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த கொறட்டைப் பார்த்தாள்.

விடியும்போது தண்ணீர் வடிந்துவிட்டது. கம்பம் சாயாமல் நின்றது. ஊரே ஆற்றோரமாகக் கிழக்கே குழந்தையைத் தேடிப் போயிருந்தது, மச்சானும் அக்காவும் அதில் இருந்தார்கள். நான் ஆளில்லாத சந்துக்குள் சேற்றில் நடந்துபோய்க் கம்பத்தில் ஏறினேன். காயிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். குழாயை மாட்டினேன். அவர்கள் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் செய்தது இது. மத்தியானம் ஒரு தோட்டத்து வேலியில் அவள் கிடைத்தாள்.

எட்டாம் நாள் நகராட்சிக் கூடத்தில் விசாரணை. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். சந்துக்காரர்கள் பத்துப் பேர் சுவரோரமாக நின்றார்கள்.

"கொழா பேசவே இல்லீங்க, சாமி. வைகாசியில இருந்தே பேசறதில்லீங்க."

அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டினார். வைகாசியிலிருந்து ஆடி வரை எல்லா நாளும் ஏழு சரி, ஏழு சரி என்று இருந்தது. இடையில் ஓவர்சியரின் கையெழுத்தும் இருந்தது. அன்று காலையில் அதிகாரியே சந்துக்குப் போய், என்னை அறையிலிருந்து பேசச் சொல்லிக் கேட்டிருந்தார். குழாய் கணீரென்று பேசியிருக்கிறது. அவர் என்னிடம் அதிகம் கேட்கவில்லை. குழந்தையின் தாய் யார் என்று கேட்டார். அக்கா எழுந்து வந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க சந்துல குழாய் பேசுச்சா, இல்லையா?"

என் சட்டைப் பைக்குள் காயில் இருந்தது. அதைத் தூர எறியக்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. அவள் சொல்லட்டும் என்று இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். நானே சொல்லியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"பேசுச்சுங்க. தினமும் பேசுமுங்க. அன்னைக்கும் பேசியிருக்கும். நாங்கதானுங்க சட்டை பண்ணல."

சுவரோரம் நின்றவர்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். பிள்ளையைப் பறிகொடுத்தவளே சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? எச்சரிக்கை எல்லாப் பகுதிக்கும் முறையாகப் போய்ச் சேர்ந்தது, அந்தச் சந்தில் குடியிருந்தவர்களின் அசட்டையே காரணம் என்று எழுதி முடித்தார்கள். கமிஷனர் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு சந்தில் யாரும் அக்காவோடு பேசவில்லை. அவள் தண்ணீருக்குக் குடத்தோடு வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பெரியவரைப் பறிகொடுத்த வீட்டார் அவள் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். மச்சான் கார்த்திகை மாதம் குண்டடத்தில் அவருடைய அண்ணன் தோட்டத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. அக்காவையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை. காலையில் பிசிறு வெட்டப் போவாள், ஐந்து மணிவாக்கில் திரும்புவாள். அவளுக்கு என் வேலையைக் காப்பாற்றிக் கொடுப்பதில் என்ன மிச்சம் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வேலையை விட்டுவிடும் மானமும் எனக்கு இல்லை. இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறு வருஷம் ஆடியில், ஒரு நாள் மத்தியானம், வேலிக்கு வெளியே யாரோ நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மச்சான் நின்ற அதே இடம். அக்கா அதற்கு முன்பு பூங்காவுக்கு வந்ததே இல்லை. நான் வெளியே போனேன். உள்ளே வா என்றேன். தலையை ஆட்டி வேண்டாமென்றாள்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்குக் கம்பெனியில இருந்தப்ப உன்ற குரல் கேட்டுது, தம்பி. எங்க கொழா ஊமைன்னு எனக்குத் தெரியுமில்ல. கத்தரிக்கோலப் போட்டுட்டு ஓடுனேன். வழி நெடுக உன்ற கொழாதான். ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. இப்பச் சொல்லுவான், இப்பச் சொல்லுவான்னு கேட்டுக்கிட்டே ஓடுனேன்."

கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"அதைய உடு. வேற ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்."

"சொல்லுக்கா."

"பொழுதோட நீ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லிப்போட்டு நிறுத்தற. நிறுத்திப்போட்டுக் கொஞ்ச நேரம் கம்முனு இருக்கற. அந்த நேரத்துல என்னால ஊட்டுக்குள்ள இருக்க முடியறதில்ல. நாலுன்னு நீயே சொல்லிப்போடு, தம்பி."

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அன்று ஐந்தரைக்கு மைக்கைப் போட்டேன். சோதனை, சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றேன். ஏழாவது லைனைத் திருகினேன், முள் தத்தளித்து ஏறியது. சரி என்று எழுதினேன். வீட்டுக்கு வீடு ரேடியோ வந்து, குழாய்களையெல்லாம் அவிழ்த்து, அறையைப் பூட்டும்வரை தினமும் அப்படித்தான் சொன்னேன். மைக் சோதிக்கிற எல்லோரும் மூன்றோடு நிறுத்துவார்கள், நீ மட்டும் ஏன் நான்கு சொல்கிறாய் என்று ஓவர்சியர் ஒரு முறை கேட்டார். பழகிப்போச்சுங்க என்று சொல்லி வைத்தேன்.